யார் வீட்டுப் பிள்ளை?

கணினியின் வரலாற்றைப் புரட்டினால் 'அட்டனாசாஃப்–பெர்ரி கணினி' என்றொரு பெயர் எதிர்ப்படும். 1939க்கும் 1942க்கும் இடையில், அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில், இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில் வைத்துக் கட்டியது. ஒரு பெரிய மேசையின் அளவு, முந்நூறு வெற்றிடக் குழல்கள், 300 கிலோவுக்கு மேல் எடை. இருபத்தொன்பது சமன்பாடுகளை ஒருசேரக் கொடுத்தால் விடை காணும்படி அமைத்தது. போர் வந்ததும் எல்லாரும் அதை மறந்துபோனார்கள். 1973 அக்டோபர் 19 அன்று மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் லார்சன் என்ற நீதிபதி, எனியாக் என்ற வேறொரு கணினிக்குக் கொடுத்த காப்புரிமை செல்லாது, அதன் மூலக்கருத்து ஜான் வின்சென்ட் அட்டனாசாஃபிடமிருந்து வந்தது என்று தீர்ப்பு எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்தது.

பெர்ரி யார் என்பது எல்லாருக்கும் தெரியும். கிளிஃபோர்டு பெர்ரி, அட்டனாசாஃபின் மாணவர். அட்டனாசாஃபும் தெரிந்தவரே. அந்தப் பெயருக்குள்ளே உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளைத்தான் யாரும் கேட்பதில்லை. அவர் கணினியைக் கண்டதில்லை, அமெரிக்காவைக் கண்டதில்லை. பல்கேரியாவின் யாம்போல் நகருக்குப் பக்கத்தில் பொயாஜிக் என்ற கிராமத்தில் வாழ்ந்தவர். பெயர் அத்தனாஸ். 1876இல் உதுமானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய ஏப்ரல் எழுச்சியை அடக்க வந்த படை, அந்த ஆண்டின் மே மாதத்தில் பொயாஜிக்கிலும் புகுந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அத்தனாஸ் சுடப்பட்டு இறந்தார். அந்தக் குண்டு குழந்தையின் நெற்றியிலும் ஒரு தழும்பை விட்டுச் சென்றது என்பது அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. குழந்தையின் பெயர் இவான். பதின்மூன்று வயதில், 1889இல், மாமன் முறையுள்ள ஒருவரோடு அவன் கப்பலேறினான். அத்தனாஸின் பிள்ளை என்பதால் இவான் அத்தனாசோவ். அமெரிக்கக் கரையில் இவான், ஜான் ஆனான்; அத்தனாசோவ், அட்டனாசாஃப் ஆனது. அந்த ஜானின் மகன்தான் கணினிக்காரர்.

அத்தனாஸ் என்பது கிரேக்கப் பெயரின் பல்கேரிய வடிவம். மூலம் அத்தனாசியோஸ். 'தனாத்தோஸ்' என்றால் சாவு. முன்னால் நிற்கும் 'அ' இல்லை என்னும் பொருள் தருவது. நாம் நீதிக்கு முன்னால் அகரம் போட்டு அநீதி என்கிறோமே, அதே அகரம்தான். ஆக, சாவில்லாதவன். குண்டடிபட்டுச் செத்த ஒருவனுக்கு இந்தப் பெயர் எத்தனை பொருந்தாதது என்று முதலில் தோன்றும். பிறகு கணினியின் பெயரை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தால் அந்தத் தீர்மானம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

தமிழில் 'அத்தன்' என்றால் தகப்பன். அதற்கும் இதற்கும் மொழி உறவு ஏதும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் தகப்பன் பெயரால் ஆன ஒரு குடும்பப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

இனி அந்த 'ஓவ்'. பல்கேரியக் கிராமங்களில் முன்பின் தெரியாத சிறுவன் ஒருவன் தெருவில் போனால், வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் கேட்கும் கேள்வி இது: "ச்சிய் சி?" நம் காதுக்கு ஏதோ திட்டுவதுபோல விழும். பொருள் என்னவோ, 'நீ யாருடையவன்?' என்பதுதான். நம்மூர்த் திண்ணையில் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பது போல. 'உன் பெயர் என்ன' என்பது அப்புறம் வரும் கேள்வி. 'அத்தனாசோவ்' என்பது முதல் கேள்விக்கான விடை: அத்தனாஸுடையவன். ஓவ், ஏவ் இரண்டும் உடைமையைக் காட்டும் விகுதிகள். முன்னால் வரும் எழுத்தின் ஓசைக்கு ஏற்ப ஒன்று வரும், அவ்வளவே வேறுபாடு. பிள்ளைக்கு மட்டும் என்றில்லை. அத்தனாஸின் வீடு, அத்தனாஸின் வயல், அத்தனாஸின் ஊர் எல்லாவற்றிலும் இதே விகுதி ஒட்டும், பால் மட்டும் மாறும். கருங்கடல் ஓரத்தில் புர்காஸ் நகரை ஒட்டி ஓர் உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் அதன் பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறும். நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து சேற்றைப் பூசிக்கொண்டு மிதப்பார்கள். அத்தனாசொவ்ஸ்கோ ஏரி என்று பெயர். யாரோ ஓர் அத்தனாஸின் ஊர், அந்த ஊரின் ஏரி. மனிதனுக்கு மேல் விகுதி, அதற்கு மேல் இன்னொரு விகுதி.

அமெரிக்காவில் 'வ்' எப்படி 'ஃப்' ஆனது என்றால், எழுதிக்கொண்டவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பல்கேரியர்கள் எழுதுவது 'வ்', சொல்லின் கடைசியில் வரும்போது உச்சரிப்பது 'ஃப்'. அத்தனாசோஃப் என்றுதான் வாயில் வரும். பெண்ணின் பெயரில் கடைசியில் ஓர் ஆகாரம் சேர்வதால் 'வ்' உயிர் பெற்று 'அத்தனாசோவா' என்று முழுதாக ஒலிக்கும். அந்தக் காலத்தில் வெளிநாடு போனவர்கள் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து இரட்டை 'ஃப்' போட்டு எழுதினார்கள். இப்போது பல்கேரியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெயர்களை லத்தீன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று வரையறுத்துவிட்டது. கடவுச்சீட்டில் 'வ்' தான். 'ஃப்' இப்போது பழைய குடியேறிகளின் பேரப்பிள்ளைகளிடமும், பழமைக்களை வேண்டும் கடைப் பலகைகளிலும்தான் மிச்சம்.

மேலே சொன்ன குடும்பக் கதையில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பொயாஜிக்கின் பழைய வழக்கப்படி பார்த்தால் கணினிக்காரர் அத்தனாசோவ் ஆகவே கூடாது. அவருடைய தகப்பன் இவான். 'யாருடையவன்?' என்று கேட்டால் 'இவானுடையவன்' என்பதுதான் சரியான விடை. ஆக அவர் இவானோவ். போதாததற்கு, தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை வைப்பது அங்கே எழுதாத சட்டம். நம் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, பாட்டன் பெயரைத் தாங்குபவன். அந்த வழக்கம் அங்கும் அச்சு அசலாக இருந்தது. அதன்படி அவர் பெயர் அத்தனாஸ் இவானோவ். அவருடைய தலைமகன் இவான் அத்தனாசோவ். அவனுடைய மகன் மறுபடியும் அத்தனாஸ் இவானோவ். இரண்டு பெயர்களும் ஏற்றத்தில் மேலும் கீழும் போய்வரும் இரண்டு ஆட்களைப் போல இடம் மாறிக்கொண்டே இருக்கும். குடும்பப்பெயர் என்று நிலையாக ஒன்று இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் தகப்பனைச் சொல்லும். தகப்பன் சொன்ன பாட்டன் உதிர்ந்துபோவான், பேரனின் பெயராக மறுபடி முளைப்பான்.

அன்றைய அரசுக்கும் இதுவே போதுமானதாக இருந்தது. உதுமானிய வரிப் பதிவேடுகளில் கிறித்தவக் குடிகளை 'இன்னார் வெலெத் இன்னார்', அதாவது இன்னாரின் மகன் இன்னார் என்றே எழுதினார்கள். தலைவரி வசூலிக்க வீட்டுக்கு ஒரு பெயரும் அவன் தகப்பன் பெயரும் கிடைத்தால் போதும். ஊருக்குள் அடையாளத்துக்குப் பட்டப்பெயர் இருந்தது: நெட்டையன், ஊமையன், கொல்லன், தையல்காரன்.

இந்த ஏற்றம் எங்கே நின்றது என்பதைக் காட்ட பல்கேரியர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. பெத்கோ என்று ஒருவர். அவர் மகன் போத்யோ பெத்கோவ், கலோஃபெர் ஊரில் பள்ளி ஆசிரியர். போத்யோவின் மகன் 1848இல் பிறந்தான், பெயர் ஹிரிஸ்தோ. போத்யோவின் பிள்ளை என்பதால் ஹிரிஸ்தோ போத்தெவ். பெத்கோ அவர் பெயரிலிருந்து கழன்றுவிட்டார் பாருங்கள். இந்த ஹிரிஸ்தோ போத்தெவ்தான் பல்கேரியாவின் மகாகவி. 1876 ஜூன் 1 அன்று, 28 வயதில், விராத்சா மலையில் உதுமானியரோடு மோதி இறந்தவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு புக்கரெஸ்டில் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். பழைய கணக்குப்படி அவள் ஹிரிஸ்தோவா என்று ஆகியிருக்க வேண்டும். இவான்கா போத்தெவா என்றே வாழ்ந்தாள். ஹிரிஸ்தோவின் தம்பிகளும் போத்தெவ் என்றே நிலைத்துவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் ஒரு நகரம், 2,376 மீட்டர் உயர மலைமுடி, பிளொவ்திவில் ஒரு கால்பந்துக் குழு. ஓர் ஊர் ஆசிரியரின் செல்லப்பெயர் இத்தனை தூரம் போகும் என்று போத்யோவே நினைத்திருக்க மாட்டார்.

1876இன் அதே வைகாசியை ஒட்டி இரண்டு கைக்குழந்தைகள் தகப்பனை இழந்தன, ஒன்று பொயாஜிக்கில், மற்றொன்று புக்கரெஸ்டில். இரண்டு வீடுகளிலும் பெயர் அங்கேயே உறைந்தது. ஒன்றைக் கவியின் புகழ் உறைய வைத்தது. மற்றொன்றை அமெரிக்கக் காகிதம்.

நாட்டில் மற்றவர்களுக்கு இது மெதுவாகத்தான் நடந்தது. 1878இல் விடுதலை வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும், பள்ளியில் சேர்க்கவும், நிலத்தைப் பதியவும் புதிய அரசுக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன, தலைமுறைக்குத் தலைமுறை மாறாத பெயர்கள். இருந்தும் பழக்கம் உடனே போகவில்லை. 1882இல் பிறந்து, பின்னாளில் கம்யூனிஸ்ட் பல்கேரியாவின் தலைவரான கியோர்கி திமித்ரோவின் தகப்பன் பெயர் திமித்தர் மிஹைலோவ். மகன் உலகுக்குத் திமித்ரோவ் ஆனார், மிஹைலோவ் பின்னால் ஒதுங்கிவிட்டது. எந்த வீட்டில் எந்தத் தலைமுறையில் ஏற்றம் நின்றதோ, அந்தத் தலைமுறையின் தகப்பன் அந்த வீட்டுக்கு என்றென்றைக்கும் குலமுதல்வன் ஆகிவிட்டான். அவன் ஊரில் பெரிய ஆள் என்பதால் இல்லை. கணக்கர் வந்த நாளில் அவன் பெயர் முறை இருந்தது, அவ்வளவுதான். இன்று அத்தனாசோவ் என்றிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குள் ஒருவருக்கொருவர் இரத்த உறவு ஏதும் இருக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு அத்தனாஸ்.

எல்லாரும் தகப்பன் பெயரையே பிடித்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. பாதிரியாரின் பிள்ளைகள் பொப்போவ். கொல்லனின் பிள்ளைகள் கொவாச்செவ். அதே கொல்லனைத் துருக்கியச் சொல்லால் அழைத்த ஊரில் தெமிர்ஜியெவ். தையல்காரர் வீடு தெர்சியெவ், முரட்டுக் கம்பளித் துணிக்காரர் வீடு அபாஜியெவ். ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்வந்தவர் பெயருக்கு முன்னால் 'ஹாஜி' சேரும். ஆமாம், அதே ஹாஜிதான், கிறித்தவர் வாயிலும். அந்தச் சொல் பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் தொடர்ந்து இறந்த வீட்டில் 'நில்', 'தங்கு' என்ற பொருளில் ஸ்தோயான் என்று வைத்தார்கள். 'உயிரோடிரு' என்று ஜிவ்கோ. ஓநாய்க்கு நோயும் பேயும் அஞ்சும் என்று வில்கோ. குப்புசாமி, பிச்சை என்று வைத்துச் சாவை ஏமாற்றிய தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 35 ஆண்டுகள் அந்த நாட்டை ஆண்ட தோதோர் ஜிவ்கோவின் குடும்பப்பெயருக்குள் இருப்பதும் அப்படி ஒரு தாயின் வேண்டுதல்தான்.

1994 உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். காலிறுதியில் ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்திய பல்கேரிய அணியில் பதினொரு பேரும் ஓவ் அல்லது ஏவ்: மிஹைலோவ், இவானோவ், யான்கோவ், ஸ்தோயிச்கோவ், லெச்கோவ், கொஸ்தாதினோவ்... பயிற்சியாளரும் பெனெவ். வர்ணனையாளர்கள் திணறினார்கள். அந்தப் பட்டியலை அர்த்தத்தோடு வாசித்தால் வேறு மாதிரி இருக்கும்: மிஹைலின் பிள்ளை காவல் நிற்க, இவானின் பிள்ளை தடுக்க, 'தங்கு' என்று வேண்டிப் பெற்றவனின் பிள்ளை ஃப்ரீ கிக் அடிக்கிறான். சிராகோவும் ஆடினார், சிராக் என்றால் பெற்றோரை இழந்த பிள்ளை. அநாதையின் பிள்ளை என்று ஒருவன் குடும்பப்பெயர் தாங்கி நிற்பதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

பெண்களின் பெயர் இதைவிடக் கடுமையாக ஆள் மாறியது. மகளாக இருக்கும்வரை 'அத்தனாசோவா', அத்தனாஸுடையவள். மணம் முடித்துப் போன ஊரில் கணவன் பெயரோடு 'இத்சா' சேர்த்து இவானித்சா, அத்தனாசித்சா என்று அழைத்தார்கள். இவானின் பெண்டாட்டி, அத்தனாஸின் பெண்டாட்டி. சொந்தப் பெயர் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றாகச் சுருங்கிவிடும். இன்றைய குடும்பச் சட்டத்தில் மணமகளோ மணமகனோ தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம், இணையின் பெயரை ஏற்கலாம், இரண்டையும் கோத்துக்கொள்ளலாம். பன்னாட்டு நிதியத்தின் தலைவர் கிரிஸ்தலினா கியோர்கியெவாவின் முழுப்பெயரில் தகப்பன் இவானும் இருக்கிறார், பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது, இடைக்கோடு போட்டுக் கணவர் வீட்டுப் பெயரும் இருக்கிறது. உலகுக்கு அவர் காட்டுவது பிறந்த வீட்டுப் பெயர்.

'யாருடையவன்?' என்ற கேள்வியைத் திண்ணைக் கிழவர் கேட்டால் அது பாசம். அரசாங்கம் துப்பாக்கியோடு வந்து கேட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. 1984 டிசம்பரில் தொடங்கி அடுத்த சில மாதங்களுக்குள் பல்கேரியாவின் துருக்கியர்கள், ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், தங்கள் பெயர்களைக் கைவிட்டு அரசு ஏற்கும் பல்கேரியப் பெயர்களை எடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். கிராமங்களைப் படை சூழ்ந்துகொள்ளும். வரிசையில் நிற்க வைத்துப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தகப்பன் பெயரைக் கட்டாயம் சுமக்கும் முறையில் ஒருவனின் பெயரை மட்டும் மாற்றி நிறுத்த முடியாது. ஹசனின் மகன் அஹ்மதை, அசென் என்று ஆக்கினால், ஹசனையும் வேறொருவனாக ஆக்கியாக வேண்டும். அதனால் செத்துப்போன தகப்பன், பாட்டன் பெயர்களையும் பதிவேட்டில் மாற்றினார்கள். புதைத்தவனை எழுப்பிப் பெயர் மாற்றிப் புதைத்த கதை.

அப்போது கர்ஜாலி வட்டாரத்தில் பிறந்த ஒரு பையன் பளுதூக்குதலில் உலகச் சாதனைகளை முறித்துக்கொண்டிருந்தான். உயரம் 147 சென்டிமீட்டர். பெயர் நயீம் சுலைமானோவ், சுலைமானின் பிள்ளை. கவனியுங்கள், துருக்கிய முஸ்லிம் தகப்பனின் பெயரோடும் அதே ஓவ் இயல்பாக ஒட்டியிருந்தது, யாரும் உறுத்தலாக நினைக்கவில்லை. 1985இல் அவனை நவும் ஷலமானோவ் ஆக்கினார்கள். 1986 டிசம்பரில் மெல்போர்ன் போட்டி முடிந்ததும் அவன் அணியிலிருந்து நழுவித் துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே எடுத்துக்கொண்ட பெயர் சுலைமானொலு. 'ஒலு' என்றால் மகன். ஓவ் போய் ஒலு வந்தது. தகப்பன் திரும்பக் கிடைத்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் துருக்கிக்காகப் போட்டியிட பல்கேரியா இசைவு தந்ததற்காகத் துருக்கி அரசு பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 60 கிலோ பிரிவில் அவர் தூக்கியது மொத்தம் 342.5 கிலோ, தங்கம். முன்பு அவரைப் பயிற்றுவித்த பல்கேரியர் இவான் அபாஜியெவ். மேலே சொன்ன கம்பளித் துணிக்காரர் வீட்டுப் பெயர், துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். அந்தக் கோடையில் பிரதமராக இருந்தவர் பெயர் கியோர்கி அத்தனாசோவ். நவம்பர் 10 அன்று ஜிவ்கோவ் வீழ்ந்தார். 1990 மார்ச்சில் பழைய பெயரைத் திரும்பப் பெறச் சட்டம் வந்தது. பலர் திரும்பப் பெற்றபோது ஓவ் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு தலைமுறையாக உறுத்தாத விகுதி அதற்குப் பிறகு உறுத்தியதில் வியப்பில்லை.

இன்று சோபியாவில் ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ வரிசையில் நின்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் தலையைத் தூக்காமல் கேட்பார்: "த்ரித்தெ இமெனா?" மூன்று பெயரும் சொல்லுங்கள். சொந்தப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப்பெயர். பல்கேரியர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஒரே வீட்டில் அத்தனாஸ் அத்தனாசோவ் அத்தனாசோவ் என்று மூன்றும் ஒன்றாக அமைவதும் உண்டு. எழுத்தர் சிரிப்பதில்லை, பழக்கம். பிறகு பத்து இலக்கக் குடிமை எண் கேட்பார்கள். அதில் பிறந்த தேதி இருக்கும். ஒன்பதாவது இலக்கம் இரட்டைப்படையானால் ஆண், ஒற்றைப்படையானால் பெண். பெயரின் கடைசி ஆகாரம் சொல்வதையே எண்ணும் இன்னொரு முறை சொல்கிறது.

1999இல் வந்த குடிமைப் பதிவுச் சட்டம்தான் இப்போது நடப்பில் இருப்பது. நடுப்பெயர், தகப்பனின் சொந்தப் பெயரோடு ஓவ், ஏவ் சேர்ந்தது. குடும்ப மரபோ, இன மரபோ, சமய மரபோ வேறாக இருந்தால் விகுதி தேவையில்லை என்று விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். எண்பதுகளின் பாடம் அது. எனக்குப் பிடித்தது அடுத்த பிரிவு. குழந்தையின் குடும்பப்பெயர், தகப்பனின் குடும்பப்பெயராகவோ தகப்பனின் நடுப்பெயரிலிருந்து ஆனதாகவோ இருக்கலாம் என்கிறது அது. கியோர்கி இவானோவ் பெத்ரோவ் என்பவருக்கு மரியா பிறந்தால் அவள் மரியா கியோர்கியெவா பெத்ரோவா ஆகலாம், மரியா கியோர்கியெவா இவானோவாவும் ஆகலாம். அப்பாவுக்கும் மகளுக்கும் குடும்பப்பெயர் வேறாக இருந்தாலும் சட்டத்துக்குக் குறையில்லை. நின்றுபோனதாக நாம் நினைத்த ஏற்றத்தைச் சட்டம் ஒரு விரல் இடைவெளி விட்டே பூட்டியிருக்கிறது. பெற்றோரில் ஒருவரை மட்டுமே பதிவு செய்ய முடியும் என்றால் அந்த ஒருவர் பெயரிலிருந்து குழந்தையின் பெயர்கள் அமையும். தாயாக இருந்தால் தாயின் பெயர். பொயாஜிக்கின் திண்ணையில் நினைத்துப் பார்க்க முடியாத விடை.

தகப்பன் பெயர் இப்படிக் காக்கப்பட்டாலும் பாட்டன் பெயர் நழுவிக்கொண்டிருக்கிறது. நகரத்து இளம் பெற்றோருக்கு அத்தனாஸ் என்பது தாத்தா வாடை அடிக்கும் பெயர். மாமனாரையும் பகைக்க முடியாது. அதனால் ஒரு சமரசம் பிறந்திருக்கிறது: முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. பாட்டன் அத்தனாஸ் என்றால் பேரன் அலெக்சாந்தர். 'உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம் அப்பா' என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் தலையாட்டி வைப்பார். பள்ளி வருகைப் பதிவேட்டில் மார்ட்டினும் விக்டரும் கலோயானும் பெருக, அத்தனாஸ் என்ற ஆள் குறைந்து அத்தனாசோவ் என்ற விகுதிப்பெயர் மட்டும் நீடிக்கிறது. சாவில்லாதவன் செத்துப்போக, அவனுடைய பிள்ளை என்ற பட்டம் மட்டும் உயிரோடு இருக்கும் விசித்திரம்.

நாடும் சுருங்கியிருக்கிறது. 1980களின் முடிவில் 90 லட்சத்தை எட்டிய மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்களோடு பெயரும் போகிறது. அங்கே இந்த ஆகாரம் ஒரு தொல்லை. அப்பா அத்தனாசோவ், அம்மா அத்தனாசோவா, எப்படி ஒரே குடும்பம் என்று எழுத்தர் கேட்பார். அங்கே பிறந்த பெண்குழந்தைக்கு அப்பாவின் வடிவத்தையே அப்படியே எழுதிவிடுவதும் நடக்கிறது. ஜான் அட்டனாசாஃபின் இரண்டு மகள்களும் அமெரிக்காவில் அட்டனாசாஃப்களாகவே வளர்ந்தார்கள். பல்கேரியக் காதுக்கு அது ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண் மாதிரி. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகிவிட்ட தமிழர் வீடுகளுக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. மருமகளை அவளுடைய அப்பா பெயரால் விமான நிலையத்தில் அழைக்கும்போது யார் திரும்புவது என்று தெரியாமல் நிற்போமே, அதுவே இது.

1970இல் பல்கேரிய அரசு அட்டனாசாஃபை அழைத்து சிரில்–மெத்தோதியஸ் விருதின் முதல் நிலையைக் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொள்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே. ரோஜென் வானாய்வகத்தில் கண்டுபிடித்த 3546ஆம் எண் சிறுகோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பல்கேரியப் புத்தகங்கள் அவரை 'ஜான் அத்தனாசோவ்' என்றே எழுதுகின்றன. இரட்டை 'ஃப்' கடலுக்கு அந்தப் பக்கம். பிறந்தது நியூயார்க் மாநிலத்தில், மொழி ஆங்கிலம், படிப்பும் பணியும் அமெரிக்காவில். ஆனாலும் 'யாருடையவன்?' என்ற கேள்விக்கு அங்கே அவர் பெயரிலேயே விடை இருக்கிறது, சண்டைக்கு இடமில்லை.

பல்கேரியாவில் பிறந்தநாளைவிடப் பெரியது பெயர்நாள். அத்தனாஸ்களுக்கு அது ஜனவரி 18, அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியஸின் நாள். முந்தைய நாள் புனித அந்தோனின் நாள். இருவரும் இரட்டையர், கொல்லுத் தொழிலின் காவலர்கள் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. வீட்டுப் பெண்கள் ரொட்டி சுட்டுத் தேன் தடவி அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள், கொள்ளைநோய் வாசலைத் தாண்டிப் போக. அந்த நோயைப் பெயர் சொல்ல அஞ்சி 'லெல்யா', அத்தை, என்பார்கள். நாம் அம்மை என்று சொல்வதைப் போல. அன்றைக்குப் புனித அத்தனாஸ் பட்டுச் சட்டை போட்டு, வெள்ளைக் குதிரையேறி மலைமேல் நின்று, குளிர்காலத்தைப் போகச் சொல்லியும் கோடையை வரச் சொல்லியும் கூவுவாராம். வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும்.

உங்களுக்கு ஒரு பல்கேரிய நண்பர் இருந்து, அவர் வீட்டில் அத்தனாஸோ, அதன் செல்ல வடிவங்களான நாஸ்கோவோ, நாச்சோவோ யாராவது இருந்தால் ஜனவரி 18 மாலை தயங்காமல் போய்க் கதவைத் தட்டுங்கள். பெயர்நாளுக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை; மேசை போட்டு வைத்திருப்பார்கள், தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள்.